ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி

திங்கட்கிழமை என்றால் கிரோக்நெஸ் ஊர் ஆட்களுக்குத் தலைவலி. ஞாயிற்றுக்கிழமை என்றால் நெஞ்சுவலி. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கடல் மலைகளுக்கு நடுவே நுழைந்து முட்டி நிற்கிற மூலையில் இருந்த வெடிமருந்து ஆலை. அங்கே பிசைகிற வெடிமாவில் நைட்ரோகிளிசரின் இருக்கிறது. அது கைத்தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போய் ரத்தக் குழாய்களை எல்லாம் தளர்த்திவிடும். திங்கட்கிழமை மண்டைக்குள் சம்மட்டி அடிக்கும். புதன்கிழமைக்குள் உடம்பு பழகிக்கொள்ளும். பழகிய உடம்பைக் கொண்டுபோய் சனி, ஞாயிறு வீட்டில் உட்கார வைத்தால் சும்மா இருக்குமா? குடிக்குப் பழகியவன் ஒருநாள் குடிக்காவிட்டால் கை நடுங்குகிற மாதிரி, குழாய்கள் முரண்டு பிடித்து இறுகும். நெஞ்சின் மேல் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

அதற்கு ஊர் ஆண்கள் டாக்டரிடம் போவதில்லை. தொப்பியிடம் போவார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் நகக்கண் அளவு மாவைத் தொப்பியின் உள்பட்டையில் தேய்த்துக்கொண்டால் போதும், நெற்றி வியர்வையோடு அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகக் கழியும். நிர்வாகம் இதைக் கேள்விப்பட்டு, வாசலைத் தாண்டி ஒரு துணுக்கு மாவு வெளியே போனாலும் வேலை போகும், போலீஸ் வரும் என்று சொல்லிவிட்டது. கையுறை வந்தது, பெரிய காற்றாடிகள் வந்தன, பழைய ஆட்கள் பலர் போய்ச் சேர்ந்தார்கள். தொப்பி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

ஓட்வரின் தொப்பி சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. அவன் மனைவி சுனீவா பின்னியது. அதன் உள்பட்டைத் தோலை வைத்துத் தைத்ததும் அவள்தான். அவளும் ஆலைக்காரர் மகள்தான். கல்யாணத்தன்று இரவு மாப்பிள்ளையின் கை பட்டு மணப்பெண்ணுக்குத் தலைவலி வந்த கதையை ஊரே சொல்லிச் சிரித்திருக்கிறது. "எங்க வீட்டுல தலைவலின்னு பொய் சொல்ல வேண்டியதே இல்ல, நிஜமாவே வரும்" என்று அவளே சொல்வாள். அதெல்லாம் சிரித்த காலம்.

இப்போது ஓட்வருக்கு ஐம்பத்தேழு. இரண்டு வருடமாக அவன் உடம்பில் ஓர் இடம் மட்டும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. முதல் தடவை களைப்பு என்றான். அடுத்த தடவை பீர் என்றான். அதற்கப்புறம் காரணம் சொல்லும் நிலைமையே வராமல் பார்த்துக்கொண்டான். அவள் தூங்கும்வரை விறகுக் கொட்டகையில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பான். படுக்கைக்கு வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். வெடிமாவைப் பிசைகிற கையில் ஒரு நடுக்கம் இருக்காது. மனைவி தோளில் கை வைக்க மட்டும் பயம். தொட்டால் அவள் திரும்புவாள், திரும்பினால் தன் குட்டு வெளிப்படும் என்ற பயம்.

சுனீவா முதலில் முடி வெட்டிப் பார்த்தாள். நீலத்தில் ஒரு இரவு உடுப்பு வாங்கிப் பார்த்தாள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். மார்ச் மாதம் ஒரு காலை, ரொட்டியில் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"வேற யாராவது இருக்காளா?"

"எங்க? ஆலையிலயா? அங்க இருக்கிறதெல்லாம் ஸ்டைனார் மாதிரி மூஞ்சிங்க."

"நான் சிரிக்கக் கேக்கல, ஓட்வர்."

"யாரும் இல்ல."

"அப்ப நான்தான் கெழவியாயிட்டேன்." அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். "ஈஸ்டர் முடிஞ்சு வந்ததும் மேல் ரூமுக்குக் கட்டிலைக் கொண்டுபோறேன். கொறட்டைன்னு ஊருல சொல்லிக்கலாம். சுவத்தோட பேசுறவன் பக்கத்துல இனிமே என்னால படுத்துக் கெடக்க முடியாது."

கோபத்தில் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். அவள் அமைதியாகச் சொன்னதுதான் அவனை உலுக்கியது. அன்று ஆலையில் மாவு அவன் கையில் கல்லாய்க் கனத்தது. இந்தப் பெண்ணை இழந்துவிட்டால் தனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது என்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான்.

ஊர் டாக்டரிடம் போனால் சாயங்காலத்துக்குள் கூட்டுறவுக் கடை வரிசையில் விஷயம் நிற்கும். அதனால் படகில் ஏறி அக்கரை ஊருக்குப் போனான். அங்கே டாக்டர் இங்வில்ட் என்ற இளம் பெண்மணி. அவனுக்கு மகளாக இருக்கிற வயதுதான். வாயைத் திறக்கவே அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் முழங்கால் வலி என்றான். முழங்காலைத் தட்டிப் பார்த்து, "முழங்காலுக்காகவா இவ்வளவு தூரம் படகுல வந்தீங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே உள்ளதைச் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை, இரக்கமும் காட்டவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் குழாயைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினாள். அதுவே அவனுக்குப் பெரிய நிம்மதி.

"மனசுல ஆசை வந்தா நரம்பு ஒரு தகவல் அனுப்பும். நரம்பும், ரத்தக் குழாயோட உள்சுவர்ல இருக்கிற மெல்லிசுத் தோலும் சேர்ந்து ஒரு வாயுவை விடும். நைட்ரிக் ஆக்சைடு. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள காணாமப் போயிடும். போறதுக்கு முன்னாடி 'தளர்ந்துக்கோ'ன்னு குழாய்க்குச் சொல்லிட்டுப் போகும். குழாய் தளர்ந்தா ரத்தம் வந்து நிறையும். உங்களுக்கு அந்தக் குரல் தேஞ்சு போயிருக்கு. சிகரெட், வயசு, ரத்த அழுத்தம், எல்லாத்துக்கும் பங்கு உண்டு. என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னான். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க மாவுல இருக்கிற சாமான் உடம்புக்குள்ள போனா அதே வாயுவாத்தான் மாறும், தெரியுமா? வருஷக்கணக்கா அது வெளியிலிருந்து வந்துக்கிட்டே இருந்தா, உள்ள தயாரிக்கிற இடம் சோம்பேறியாயிடலாம். கடைச் சோறு தெனமும் வந்தா வீட்டு அடுப்பு பத்துமா?"

ஓட்வருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. "மலையைத் தூக்கி எறியற சாமானை முப்பது வருஷமாப் பிசையறேன், டாக்டர். கடைசியில..." என்றவன் மீதியை முழுங்கிவிட்டான்.

அவள் புதிதாக வந்திருந்த நீல மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். பத்திரிகைகள் எல்லாம் ஆறு மாதமாக அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தன.

"அதைப் போட்டா தானா நடந்துடுமா?" என்று கேட்டான்.

"நடக்காது. கூப்பிடுறது நீங்கதான். கூப்பிட்ட குரலை உடம்பு உடனே அழிச்சிடும். அதை அழிய விடாம கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறதுதான் மாத்திரையோட வேலை. உங்க மனசு கூப்பிடலன்னா அது வெறும் சுண்ணாம்புக் கட்டி." பிறகு விரலை உயர்த்தினாள். "ஆனா ஒண்ணு. இதுவும் உங்க மாவும் ஜென்மப் பகை. ரெண்டும் ஒரே நேரத்துல உடம்புல இருந்தா குழாய் எல்லாம் மொத்தமாத் தளர்ந்து, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிடும். ஆளே போயிடலாம். வேலை நாள்ல தொடவே கூடாது. லீவுல, மாவை விட்டு ரெண்டு நாளாவது விலகி இருந்து, அப்புறம்தான். நெஞ்சுவலி ஏதாவது வருமா?"

உண்மையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவன் அக்கரை வந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வலியைச் சொன்னால் தொப்பியைச் சொல்ல வேண்டும். தொப்பியைச் சொன்னால் வேலை, ஓய்வூதியம், கூடவே தொப்பி போடுகிற ஸ்டைனார் போன்ற கூட்டாளிகளின் வேலையும் போகும். மேலும், தொப்பி என்ன மருந்தா? அது தொப்பி.

"வராது," என்றான்.

"சின்னக் குழாய்தான் முதல்ல முறையிடும். நெஞ்சுல இருக்கிற பெரிய குழாய் பின்னாடி முறையிடும். ஈஸ்டர் முடிஞ்சதும் இதயத்தைப் பரிசோதிச்சே ஆகணும். சம்மதமா?"

சம்மதம் என்று தலையாட்டினான். ஈஸ்டருக்கு அப்புறம் என்ன நடந்தால் அவனுக்கென்ன? ஈஸ்டர்தானே அவனுக்கு வேண்டும்.

ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வேறு எதைப் பற்றி இருக்கும்? ஸ்டைனார் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு, "அந்த மாத்திரை எதுக்குடா? நம்ம மாவுல ஒரு சிட்டிகையை பீர்ல கலக்கிக் குடி. வீட்டுக் கூரையே பறக்கும்!" என்றான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது ஓட்வர்தான். சட்டைப் பையில் மாத்திரை அட்டை நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து ஊரே மலைக்குக் கிளம்பியது. ஈஸ்டருக்குக் கிரோக்நெஸில் பூனைகூட இருக்காது. மலை வீடு, பனிச்சறுக்கு, ஆரஞ்சுப் பழம், கொலைக் கதைப் புத்தகம், இதுதான் அந்த ஊர் ஈஸ்டர். கிளம்பும்போது ஓட்வர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக, மாவு ஊறிய தொப்பியைக் கதவருகில் இருந்த ஆணியிலேயே விட்டுவிட்டு, பழைய பச்சைத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டான். டாக்டர் சொன்னதை அவன் மறக்கவில்லை. ஐந்து நாள் நெஞ்சு வலித்தால் வலிக்கட்டும், பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். நல்ல கணக்குதான். ஆனால் வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள், அவளுக்கும் கண் இருக்கிறது என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை நன்றாகவே போனது. வெள்ளிக்கிழமை ஓடையில் பனியை உடைத்துத் தண்ணீர் எடுத்து வரும்போது நெஞ்சு ஒருமுறை பிடித்து விட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு மலையை ரசிப்பவன் போல நின்றான். "என்ன, அழகா இருக்கா?" என்று வாசலிலிருந்து சுனீவா கேட்டாள். "ரொம்ப" என்றான். பக்கத்து மலை வீடு ஸ்டைனாருடையது. அவன் அங்கிருந்து பீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டான். ஓட்வர் போகவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். சுனீவா வீட்டின் தெற்குப் பக்கம் பனியை வெட்டிச் சுவர் போல அடுக்கி, கலைமான் தோலை விரித்து, சட்டைக் கையை மடித்து முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மடியில் புத்தகம். கொலைகாரன் யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாக அவனிடம் பெருமை அடித்தாள். அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. ஓட்வர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இவளா கிழவி? தொட வேண்டும் என்ற ஆசை இந்த இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவனை விட்டுப் போனதில்லை. அவனுக்கு அதுதான் பெரிய வேதனை. ஆசை செத்திருந்தால் பேசாமல் இருந்திருப்பான்.

உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பது போல மாத்திரையைப் போட்டுக்கொண்டான். ஒரு மணி நேரம் விறகு அடுக்கினான். பிறகு வெளியே வந்து, அவள் கையிலிருந்த புத்தகத்தை மூடினான்.

"ஏய்! கொலைகாரன் யாருன்னு தெரிய வேணாமா?"

"கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னியே."

"சரிதானான்னு பாக்க வேணாமா?" என்றவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்த மனிதன் அன்று சுவரைப் பார்க்கவில்லை. அதற்கு மேல் நமக்கு அங்கே வேலை இல்லை.

பிறகு சுனீவா கட்டில் விளிம்பில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்தாள். ஒரு சுளை தன் வாயில், ஒரு சுளை அவன் வாயில். முகவாயில் சாறு வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, வாய் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது. ஓட்வருக்கு அழுகை முட்டியது. சந்தோஷத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு பயம் வருமா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரெண்டு வருஷமா கண்ணாடியப் பாக்கவே பிடிக்கல, தெரியுமா?" என்றாள். "உனக்கு நான் வேணாம்னு ஆயிட்டேன்னு நெனச்சேன். முட்டாள் நான். வீட்டுக்குப் போனதும், மேல் ரூமுக்குக் கொண்டுபோறேன்னு சொன்ன கட்டிலை ஒடச்சு அடுப்புல வெக்கிறேன்."

அவன் சிரிக்க வாயைத் திறந்தான். அப்போதுதான் அந்த ஆள் வந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்தான். மூன்று நாள் மாவு காணாத குழாய்கள் அத்தனையும் சேர்த்து வைத்துப் பழி வாங்கின. வலி இடது தோளில் ஏறித் தாடைக்குப் போனது.

சுனீவா பழத்தைப் போட்டுவிட்டு அவன் மேல் குனிந்தாள். "ஞாயித்துக்கெழம வலியா? ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சா? பயப்படாத. எங்கப்பாவுக்கு நான் எத்தன தடவ பாத்திருக்கேன்." எழுந்து போய் முதுகுப் பையைக் குடைந்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே நூல் கட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். சாம்பல் நிறத் தொப்பி.

"ஆணியிலயே மறந்து வச்சுட்டு வந்துட்ட. மறதிக் கெழவா! நல்லவேளை நான் பாத்தேன்."

ஓட்வர் தொப்பியைப் பார்த்தான். டாக்டரின் விரல் அவன் கண் முன்னால் நின்றது. மாத்திரை போட்டிருக்கிறேன், தொப்பி வேண்டாம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதைச் சொல்ல வாயும் திறந்தது. எதிரே அவள் முகம். முகவாயில் ஆரஞ்சுச் சாறு, கன்னத்தில் சிவப்பு. சொன்னால் அந்தச் சிவப்பு என்னவாகும்? இவன் என்னை விரும்பவில்லை, ஒரு மாத்திரைதான் விரும்பியது என்றுதானே நினைப்பாள்? உயிர் போகிற நேரத்தில் இதையெல்லாம் எடை போட்டுப் பார்க்கிறவனை என்னவென்று திட்டுவது? ஆனால் அவன் போட்டுப் பார்த்தான்.

"தொப்பி வேண்டாம்," என்றான்.

"ஏன்?"

"தல வலிக்கும்."

"நெஞ்சு வலிக்கு தல வலி தேவல. சும்மா இரு." அவள் தொப்பியை அவன் தலையில் மாட்டி, காது வரை இழுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் நெற்றியில் அழுத்திப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் வலி விட்டது. நெஞ்சின் மேல் இருந்த ஆள் எழுந்து போனான். "பாத்தியா?" என்றாள் சுனீவா பெருமையாக. ஒருவேளை ஒன்றும் ஆகாதோ என்று அவனுக்கு ஒரு நப்பாசை வந்தது. அடுத்த நிமிடம் காதுக்குள் இரைச்சல். முதுகெல்லாம் குளிர்ந்த வியர்வை. கூரை உத்தரம் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. படுத்திருந்த கட்டில் அவனுக்கு அடியில் இறங்கிக்கொண்டே போனது. அவள் எதற்கோ அவன் பெயரைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

சாகிறோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தான் செத்தால், தன் கையாலேயே தொப்பியைப் போட்டோமே என்று இவள் ஆயுசுக்கும் நினைக்க வேண்டியிருக்கும் என்பதும் கூடவே உறைத்தது. அது பொறுக்கவில்லை.

"மாத்திரை," என்றான். நாக்கு தடித்திருந்தது.

"என்ன மாத்திரை? எங்க இருக்கு?"

"போட்டிருக்கேன். நீல மாத்திரை. சட்டப் பையில. தொப்பிய எடு. ரெண்டும்... சேரக் கூடாது."

பத்திரிகை படிக்காதவளா அவள்? கை அவன் நெற்றி மேல் அப்படியே நின்றது. முகத்திலிருந்து அந்தச் சிவப்பு இறங்கிப் போவதை, மங்கிக்கொண்டிருந்த கண்ணாலும் ஓட்வர் பார்த்தான். எதற்குப் பயந்தானோ அது நடந்தேவிட்டது. பிறகு அவள் தொப்பியைப் பிடுங்கிக் கதவைத் திறந்து பனியில் வீசினாள். ஈரத்துணியில் சோப்பைத் தேய்த்து அவன் நெற்றியைத் தோல் உரியும்படி துடைத்தாள். தலையணையை உருவி எறிந்துவிட்டு, விறகுப் பெட்டியை இழுத்து அவன் கால்களைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். கம்பளிச் சட்டையைத் தலை வழியே மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஸ்டைனார்!" என்று கத்தினாள். மலையே திரும்பக் கத்தியது.

ஸ்டைனார் ஒற்றைக் காலில் மட்டும் பூட்ஸோடு ஓடி வந்தான். வந்தவன் ஓட்வரின் வெளிறிய முகத்தைப் பார்த்தான், வெறுந்தலையைப் பார்த்தான். "டேய், தொப்பி எங்கடா? மறந்துட்டியா? இந்தா, என்னோடது!" என்று தன் தலையிலிருந்து கழற்றிக்கொண்டே குனிந்தான்.

சுனீவா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காரணம் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். ஓட்வரைத் திரும்பிப் பார்த்தாள். ஆலை முழுக்கக் கேலி பேசித் திரிகிற வாய் இது, இதனிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது.

"மாத்திரை போட்டிருக்கேன்டா," என்றான் ஓட்வர். "நீ பத்திரிகைல காட்டினியே. அது. தொப்பி போட்டா செத்துடுவேன்."

ஸ்டைனார் தன் தொப்பியைக் கதவு வழியாகத் தன்னால் முடிந்த தூரம் எறிந்தான். கைபேசியை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒற்றை பூட்ஸோடு ஓடினான்.

அங்கிருந்து அவன் கத்தியது இங்கே கட்டில்வரை கேட்டது. "ஹெலிகாப்டர் அனுப்புங்க! நெஞ்சு! ஆமா! நாக்குக்கு அடியில அடிக்கிற நைட்ரோ ஸ்பிரே கொடுக்கக் கூடாது, உங்க ஆளுக்கு இப்பவே சொல்லிடுங்க! மாத்திரை போட்டிருக்கான்! என்ன மாத்திரையா? அந்த மாத்திரைதான்யா!" மலைச் சரிவில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிரோக்நெஸ் ஊர் முழுக்க அதைக் கேட்டிருக்கும். இரண்டு வருடம் மூடி மூடி வைத்தது, இரண்டு நிமிடத்தில் மேட்டுக்கு ஏறிவிட்டது. ஓட்வருக்கு அது உறைக்கக்கூட இல்லை. அவன் சுனீவாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விறகுப் பெட்டியைத் தள்ளிவிட்டு அவன் பாதங்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பியிருந்தாள்.

"அப்ப வந்தது நீ இல்ல," என்றாள். "மாத்திரை."

அவன் தலையை அசைக்கப் பார்த்தான். உத்தரம் சுழன்றது. மூச்சைச் சேர்த்துக்கொண்டான். இந்த மீதிப் பாதியைச் சொல்லாமல் போய்விடக் கூடாது என்ற பயம், செத்துப்போவோம் என்ற பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"அது கூப்பிடாது, சுனீவா. நான்தான் கூப்பிடணும். என் உடம்பு அந்தக் குரல அழிச்சிடுது. மாத்திரை அத அழிய விடாம நிறுத்தி வெக்கும். அவ்வளவுதான் அதோட வேலை. மனசு கூப்பிடலன்னா அது சுண்ணாம்புக் கட்டின்னு டாக்டர் சொன்னாங்க."

அவன் பாதத்தைப் பிடித்திருந்த அவள் பிடி இறுகியது.

"அப்ப ரெண்டு வருஷமாக் கூப்பிட்டுக்கிட்டா இருந்த?"

"தெனமும்."

"ஒரு தடவகூட எனக்குக் கேக்கலயே." குரல் உடைந்தது. கூடவே கோபமும் ஏறியது. "படகேறிப் போய் யாரோ ஒரு டாக்டர்கிட்ட வாயத் தொறந்த. எனக்கு முதுகக் காட்டின. நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்ச? சிரிச்சிருப்பேனா? வாயால கூப்பிட்டிருக்கலாமேடா, பாவி! என் கையாலயே உனக்கு அந்தத் தொப்பிய மாட்ட வச்சியே!"

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்து ஹெலிகாப்டரின் தடதடப்பு மெலிதாக வரத் தொடங்கியது. காதுக்குள் இரைவதும் அதுவும் ஒன்றா இரண்டா என்று அவனுக்குப் பிரித்தறிய முடியவில்லை. உத்தரத்தின் ஓரங்கள் மறுபடி வெளுக்கத் தொடங்கியிருந்தன. அவள் திட்டத் திட்ட, பாதத்தில் அவள் கண்ணீர் சொட்டியது. அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

"சுனீவா," என்று கூப்பிட்டான். வாயால்தான் கூப்பிட்டான். சத்தம் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவள் அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"கேக்குது," என்றாள். "இன்னொரு தடவ கூப்பிடு."